அந்தப் பக்கத்துக் கார்டில் அனிதா

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை மறைத்து நல்லவள் மாதிரி எழுத எனக்குத் தெரியாது. ஓசூரில் ஒரு சர்க்கார் ஆபீசுக்கு எதிர்வரிசையில் பதினெட்டு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பேர் ஹமீதுன்னிசா. கடைக்கு வருகிற ஜனங்களுக்கு நான் பாயம்மா. சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா, வில்லங்கம் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தின் வண்டவாளம் முழுக்க என் மெஷின் கண்ணாடி மேல் ஒருதரம் படுத்து எழுந்து போயிருக்கிறது. அண்ணன் தம்பிக்குத் தெரியாமல் விற்ற நிலத்தைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பெண்டாட்டிக்காரன் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் காப்பீட்டு அட்டை எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். இனிமேல் என்னை எவனும் திடுக்கிட வைக்க முடியாது என்று ஒரு திமிர் இருந்தது. கோவிந்தப்பன் அண்ணன் அதை உடைத்துவிட்டார்.

அவர் கெட்டவர் என்றால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வராது. கெட்டவனைத் திட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இவர் ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனுஷன்.

ஊர் கெம்பனத்தம். அங்கிருந்து கர்நாடக எல்லை நடக்கிற தூரம்தான். வீட்டில் தெலுங்கு பேசுவார், என்னிடம் தமிழ், கல்யாண வீட்டில் கன்னடம். கையெழுத்து மட்டும் தெலுங்கில் போடுவார். மூன்று ஏக்கர் செம்மண்ணில் முதலில் ராகியும் அவரையும் போட்டவர், அப்புறம் எல்லாரையும் போலத் தக்காளிக்கு மாறினார். நூறு அடியில் வந்த தண்ணீர் ஆயிரத்து இருநூறு அடிக்குப் போய், அதற்கப்புறம் வெறும் புழுதியாக வந்தது. ஒரு வருஷம் ராயக்கோட்டை மார்க்கெட்டுக்கு ஒரு வண்டி தக்காளி கொண்டுபோய், வாங்க ஆளில்லாமல், திரும்பி வருகிற வழியில் மாடு தின்னட்டும் என்று ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்தார். அதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "மாடுங்க கூட மூஞ்ச திருப்பிக்கிச்சுங்க பாயம்மா."

அதனால் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கிறோம் என்று நோட்டீஸ் வந்தபோது, மண்ணைக் கையில் அள்ளிக்கொண்டு அழுதிருப்பார் என்று நினைக்காதீர்கள். என் கடைக்கு வந்து நோட்டீசை ஆறு பிரதி எடுத்தார். ஆறு எதற்கு என்று கேட்டேன். சம்பந்தி வீட்டுக்கெல்லாம் காட்ட வேண்டும் என்றார். அவ்வளவு சந்தோஷம். நோட்டீசில் கடைசி வரிக்கு முந்தின வரியை விரலால் தொட்டுத் தொட்டு என்னை மூன்று தடவை படிக்கச் சொன்னார். நிலம் கொடுக்கும் குடும்பத்தில் ஒருவருக்கு நிரந்தர வேலை.

நிரந்தர வேலை என்ற சொல்லின் ருசி இந்த ஊரில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். ஓசூரைச் சுற்றி எத்தனை ஃபேக்டரி என்று எண்ணி முடியாது. ஒவ்வொரு கேட்டிலும் ஆள் தேவை என்று போர்டு தொங்குகிறது, அதுவும் இப்போது இந்தியிலும் தொங்குகிறது. என் கடையில் பயோடேட்டா அடிக்க வருகிற பத்துப் பேரில் ஆறு பேர் ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள். வேலை இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாம் கான்ட்ராக்ட். பதினோரு மாசம் வைத்துக்கொண்டு பன்னிரண்டாவது மாசம் நின்னுக்கோ என்பார்கள். மறுபடி வேறொரு ஏஜென்சிக்காரனிடம் போய் வேறொரு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு அதே மெஷினில் நிற்க வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகளை எடுத்தால் மாமன் செத்தான், மச்சான் கல்யாணம் என்று லீவு போடுவார்களாம். அடப் பாவிகளா, நிலம் எங்களது, தண்ணீர் எங்களது, லீவு போட மாமன் மட்டும் இருக்கக் கூடாதா?

கோவிந்தப்பனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் சிவராஜ். பத்தாவதோடு நிறுத்திவிட்டு பெங்களூரில் லோடு வண்டி ஓட்டுகிறான், முப்பத்தொன்று ஆகிறது. இளையவள் அனிதா. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்து நல்ல மார்க் வாங்கினாள். ஒரு கம்பெனியில் ஒரு வருஷம் அப்ரண்டிஸ் இருந்தாள், அனுப்பிவிட்டார்கள். இன்னொன்றில் பதினோரு மாசம், அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது இடத்திலும் அதே கதை. ஒவ்வொரு முறையும் என் கடைக்கு வந்து பயோடேட்டாவில் ஒரு வரியைச் சேர்ப்பாள். "அக்கா, அனுபவம் மட்டும் ஏறிக்கிட்டே போவுது, வேலைதான் நிக்க மாட்டேங்குது" என்பாள்.

அப்பா நிலத்தில் கட்டின ஃபேக்டரியில் அந்த நிரந்தர வேலை தனக்கு என்பது அவள் கணக்கு. அதில் தப்பென்ன? கூரை எழும்புவதை மூன்று வருஷம் வீட்டு மாடியிலிருந்து பார்த்தவள் அவள். அந்த ஃபேக்டரியில் என்ன சர்க்யூட் போர்டு செய்வார்கள், எந்த மெஷின் வரும் என்பதெல்லாம் மனப்பாடமாகச் சொல்லுவாள்.

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை அப்பாவும் மகளும் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"பாயம்மா, வந்துருச்சு! வேலைக்கு எழுதிப் போடச் சொல்லிட்டாங்க!"

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். வயது இருபத்தெட்டுக்குள். டிப்ளமோ அல்லது ஐ.டி.ஐ. விண்ணப்பிப்பவர் பெயர் நிலம் கொடுத்தவரின் குடும்ப அட்டையில் இருக்க வேண்டும். கடைசி நாள் அந்த வாரம் வெள்ளிக்கிழமை. சிவராஜுக்கு வயது தாண்டிவிட்டது, படிப்பும் இல்லை. ஆக, அனிதாதான். கடைக் கம்ப்யூட்டரில் ரேஷன் கார்டு நம்பரை அடித்தேன். திரையில் மூன்று பேர் வந்தது. கோவிந்தப்பன், நாகம்மா, சிவராஜ். நான் திரையை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன்.

"அண்ணா, அனிதா பேரு எங்க?"

கோவிந்தப்பன் பிடரியைச் சொறிந்தார். "அது அந்தப் பக்கம் இருக்குது."

"எந்தப் பக்கம்?"

"அத்திப்பள்ளி. எங்கக்கா சாந்தம்மா கார்டுல."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலை சுற்றியது. கெம்பனத்தத்தில் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறதாம். அந்தப் பக்க ரேஷனில் ராகி போடுகிறார்கள், இந்தப் பக்கத்தில் அரிசி. களி தின்கிற வயிறு அரிசிக்கு அடங்காது. அதனால் வீட்டுக்கு ஒரு பேரை எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சொந்தக்காரர் கார்டில் ஏற்றிவிடுவார்கள். மாசாமாசம் ராகி வந்துவிடும். திருட்டு என்று யாரும் நினைக்கவில்லை. பேரை அந்தப் பக்கம் கொடுத்திருக்கிறோம் என்று, பெண்ணைக் கொடுத்த மாதிரி பெருமையாகச் சொல்லுவார்களாம்.

"சிவராஜ் பேரைக் குடுத்திருக்கலாமில்ல?" என்றேன்.

"அதெப்படிங்க? ஆம்பளப் புள்ள, நெலம் அவன் பேருக்கு வரணுமில்ல? இவ பொம்பளப் புள்ள. எப்பிடியும் அந்தப் பக்கம்தான் கட்டிக் குடுக்கப் போறம். பேரு முன்னாடி போய் ஒக்காந்திருக்கட்டுமேன்னு."

அனிதா அப்பாவைப் பார்த்தாள். "ஆதார்ல மட்டுந்தான் அத்தை ஊட்டு அட்ரஸ்னு சொன்ன? நம்ம கார்டுல நான் இல்லவே இல்லியா?"

"நாலு வயசுல குடுத்ததும்மா. நாம என்னா கண்டம், ஃபேக்டரி வரும்னு?"

இருபத்திரண்டு வயது வரைக்கும் இந்தப் பெண் அந்தக் கார்டைத் திறந்து பார்க்காததும் எனக்கு ஆச்சரியம்தான். பாலிடெக்னிக்கில் மார்க் ஷீட் கேட்டார்கள், கார்டு கேட்கவில்லை. கான்ட்ராக்டில் ஆதார் கேட்டார்கள், அதுவும் கார்டு கேட்கவில்லை. பிறப்புச் சான்றையும் பள்ளிக்கூடத்து டி.சி.யையும் எடுத்துக்கொண்டு எதிர் ஆபீசுக்கு ஓடினோம். அதெல்லாம் சரிதான், கார்டில் பெயர் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சரி, இப்போது சேர்த்துவிடலாம் என்று வந்து தட்டினால், இந்த ஆதார் எண் வேறு மாநிலத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. அங்கே எடுத்தால்தான் இங்கே ஏறும்.

எனக்கு வந்த கோபத்தில் வரிசையில் நின்றவர்கள் இரண்டு அடி பின்னால் போனார்கள். "ஏண்ணா, பெத்த புள்ள பேரைக் கொண்டுபோய் அடுத்த மாநிலத்துல நட்டுட்டு வர, அதென்ன தக்காளி நாத்தா? ஓடுங்க! அந்தப் பக்கம் போய்ப் பேரை எடுத்துட்டு, எடுத்துட்டோம்னு சீட்டு வாங்கிட்டு வாங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள!"

நான்தான் ஓடுங்கள் என்று சொன்னேன். அது இப்போதும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

வியாழக்கிழமை மத்தியானம் கோவிந்தப்பன் வந்தார். முகமெல்லாம் பல். கையில் கன்னடத்தில் அச்சடித்த ஒரு சீட்டு. அந்தப் பக்கத்து டீக்கடையில் வெங்கடப்பன் என்கிற புரோக்கரைப் பிடித்து வேலையை முடித்துவிட்டாராம். எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது.

"எடுத்ததுக்கு என்ன காரணம் போட்டாங்கண்ணா?"

"அதெல்லாம் வெங்கடப்பன் பாத்துக்கினான் பாயம்மா. நீங்க ஏத்துங்க."

கடையில் நாலு பேர் காத்திருந்தார்கள். நான் மேலே கேட்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டேன். ஸ்கேன் போட்டேன், கம்ப்யூட்டர் இந்தத் தடவை மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொண்டது. அன்று சாயங்காலமே அனிதா பெயர் அப்பா கார்டில் நாலாவதாக வந்து உட்கார்ந்தது. அவள் அந்தத் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினாள். வெள்ளிக்கிழமை காலையில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

மூன்று வாரம் கழித்துச் சான்றிதழ் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். அனிதா புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, அப்பாவோடு எதிர் ஆபீசுக்குள் போவதைக் கடையிலிருந்தே பார்த்தேன். அரைமணி நேரத்தில் போன் வந்தது.

"அக்கா, கை ஏற மாட்டேங்குது. கொஞ்சம் வாங்களேன்."

சில சமயம் விரல் தேய்ந்தவர்களுக்கு அப்படி ஆகும், சோப்புப் போட்டுக் கழுவினால் சரியாகிவிடும். ஒரு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போனேன். மேஜைக்குப் பின்னால் விமல்ராஜ் என்கிற அதிகாரி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மரியாதையாகப் பேசுகிற பையன். மேஜையில் விரல் வைக்கிற சின்ன மெஷின். அனிதா ஆள்காட்டி விரலை வைத்தாள். சிவப்பு. கட்டை விரல். சிவப்பு. துப்பட்டாவில் துடைத்துத் துடைத்துப் பத்து விரலையும் வைத்துப் பார்த்தாள். பத்தும் சிவப்பு.

"மெஷின் கோளாறா இருக்கும் சார்" என்றேன்.

அவர் தன் விரலை வைத்துக் காட்டினார். பச்சை.

பிறகு கோப்பைப் புரட்டி, நான் ஸ்கேன் போட்ட அந்தக் கன்னடச் சீட்டை எடுத்தார். தனக்குப் படிக்கத் தெரியாதென்று பக்கத்து மேஜையில் இருந்த ஆஞ்சப்பன் என்கிற கிளார்க்கிடம் நீட்டினார். ஆஞ்சப்பன் இந்த ஊர்க்காரர், கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தவர், நடுவில் நின்றுவிட்டார். அனிதாவை ஒரு பார்வை, சீட்டை ஒரு பார்வை.

"சார், காரணம்ங்கற எடத்துல மரணன்னு போட்டிருக்குது."

"என்னது?"

"இந்தப் பொண்ணு செத்துட்டதா எழுதிக் குடுத்துப் பேரை எடுத்திருக்காங்க. கீழ தகப்பனார் கையெழுத்து. கோவிந்தப்பன்னு தெலுங்குல இருக்குது."

யா அல்லா! அந்தச் சீட்டை என் கையால் மெஷினில் வைத்தேனே! இந்தக் கையால் பொத்தானை அமுக்கினேனே! அனிதாவின் விரல் இன்னும் அந்த மெஷின் மேலேயே இருந்தது. எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அப்பாவை மட்டும், முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

கோவிந்தப்பன் பதறிப்போய் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "பேப்பர்லதான சார்? ஆளு குத்துக்கல்லாட்டம் நிக்குதே உங்க முன்னாடி! தொட்டுப் பாருங்க!"

"ஐயா, எம் முன்னாடி நிக்கிறது யாருன்னு சொல்லவும் எனக்கு ஒரு பேப்பர்தான் வேணும்" என்றார் விமல்ராஜ். குரலில் கோபமில்லை, அவருக்கே தூக்கிவாரிப் போட்டிருந்தது. "அங்க செத்ததாப் பதிஞ்சதுல ஆதாரே நின்னுபோச்சு. இப்ப இவுக வேலைக்கு மட்டுமில்ல, ஒரு சிம் கார்டு வாங்கக்கூட முடியாது."

கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். பத்து நாள் அவகாசம் தருவார். இறந்ததாகக் கொடுத்த தகவல் பொய் என்று அந்தப் பக்கத்துப் போலீசில் எழுத்தில் புகார் கொடுத்து, அந்த ரசீதைக் கொண்டுவந்து காட்டினால், பெயர் உயிர் பெறுகிற வரைக்கும் இந்தக் குடும்பத்துக்கான இடத்தை வேறு யாருக்கும் போகாமல் நிறுத்திவைப்பார். இல்லையென்றால் தகுதியான வாரிசு இல்லை என்று எழுதி மூடிவிட வேண்டியதுதான்.

"யார் மேல புகார் சார்?" என்று அனிதா கேட்டாள்.

அவர் சீட்டின் அடியில் இருந்த கையெழுத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

கடைக்குத் திரும்பி வந்தோம். செய்தி கேட்டு நாகம்மா ஊரிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினாள். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன் என்று கோவிந்தப்பன் சொன்னதும் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "தேவுடா! படிக்காதவன், தெரியாம கையெழுத்துப் போட்டுட்டான்னு நெனச்சுக்கினு வந்தன். தெரிஞ்சே போட்டியா? பத்து மாசம் சொமந்தவ நானு, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"விடு நாகு. அவுங்க கம்ப்யூட்டர்ல மூணு காரணந்தான் இருக்குதாம்" என்று கோவிந்தப்பன் திணறினார். "ஊரு மாறுனதுன்னு போட்டா ஆளு வந்து விசாரிப்பாங்க, ஒரு மாசம் ஆவும்னு வெங்கடப்பன் சொன்னான். வெள்ளிக்கெழம முடிஞ்சிருமில்ல? கல்யாணம்னு போட்டா, ஒரு பத்திரிகை அடிச்சுக் குடுத்தாப் போதும், அன்னிக்கே ஆயிரும்னான். மூணாவதுதான் இது."

அனிதா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் தலையை நிமிர்த்தினாள். "கல்யாணம்னு போட்டிருந்தா அன்னிக்கே ஆயிருக்குமா?"

"ஆயிருக்கும்."

"கைரேகை நின்னுபோயிருக்காதில்ல?"

"நின்னிருக்காது."

"அப்ப அதைப் போட வேண்டியதுதானப்பா?"

கோவிந்தப்பன் ஒரு நியாயமான கேள்விக்கு நியாயமான பதில் சொல்கிறவராகத்தான் பேசினார். அதுதான் என்னைக் கொன்றது. "அதெப்படிம்மா போடுவன்? நாளைக்கு உன்னப் பொண்ணு பாக்க வர்றாங்க, அந்தப் பக்கத்து ஆளுங்க, விசாரிக்கறாங்கன்னு வெச்சுக்க. ஏற்கெனவே ஒருத்தனுக்குக் கட்டிக் குடுத்த பொண்ணுன்னு சர்க்கார் ஏட்டுல இருந்தா உன் வாழ்க்கை என்னாவறது? செத்துட்டன்னு இருந்தா அந்தப் பேச்சே இல்ல பாரு. யாரு கேக்கப் போறாங்க?"

அந்த மனுஷன் முகத்தில் களங்கமே இல்லை. ரொம்ப யோசித்து, மகளுக்கு நல்லது என்று தேர்ந்தெடுத்திருக்கிறார். நாகம்மா பிடித்த சட்டையை விட்டுவிட்டாள். அவளுக்கும் அந்த நியாயம் ஒரு நொடி புரிந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம், அதை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது.

"அப்ப எம்மேல ஒரு சொல்லு வரக் கூடாது. நான் இருந்தா என்ன, போனா என்ன, அப்படித்தான?" என்றாள் அனிதா. பதிலுக்குக் காத்திருக்காமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டாள்.

இரண்டு நாள் அவளிடமிருந்து தகவல் இல்லை. நான் மட்டும் கடையில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவன் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். மூன்றாம் நாள் காலையில் வந்தாள். தலையில் பூ இல்லை. கையால் எழுதிய புகார் இரண்டு பக்கம். தமிழில் எழுதி, கன்னடத்தில் மாற்றிக் கொண்டுபோக ஆள் தெரியுமா என்று கேட்டாள். நான் வாங்கிப் படித்தேன். அனிதா, தந்தை பெயர் கோவிந்தப்பன் என்று மேலே இருந்தது. நான் உயிரோடு இருக்கும்போதே என்னை இறந்துவிட்டதாகப் பொய் சொன்ன கோவிந்தப்பன் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கீழே இருந்தது.

"அடியே, பெத்த அப்பனை உள்ள தள்ளப் போறியா?" என்று கத்திவிட்டேன். என்ன இருந்தாலும் நான் பழைய ஆள்.

"அக்கா, அவரு என்னைச் சாவடிக்க ரெண்டு நிமிசங்கூட யோசிக்கல. நான் இதை எழுத ரெண்டு நாள் யோசிச்சேன்."

திரும்பிப் பார்த்தால் கடை வாசலில் கோவிந்தப்பன் நிற்கிறார். அவளோடுதான் வந்திருக்கிறார், உள்ளே வரத் தயங்கி வெளியிலேயே நின்றிருக்கிறார். தோளில் ஒரு துணிப்பை. அதில் ஒரு வேட்டி, ஒரு சட்டை, பிரஷர் மாத்திரை.

"நாந்தான் எழுதும்மான்னு சொன்னன் பாயம்மா" என்றார். "என்னா, ஒரு வாரம் வெச்சிருப்பாங்க. அந்த எடம் போயிருச்சுன்னா மறுபடி நெலம் குடுக்க எங்கிட்ட நெலமில்ல."

ஆஞ்சப்பனே தன் சாப்பாட்டு நேரத்தில் கன்னடத்தில் எழுதிக் கொடுத்தார். அப்பாவும் மகளும் ஒரே பஸ்ஸில் ஏறி, அவள் அவர் மேல் புகார் கொடுக்கப் போனார்கள். இதை நான் பொய்யாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் அவருக்கும் சேர்த்து அவள்தான் டிக்கெட் எடுத்தாளாம். ஒரு வார்த்தை பேசவில்லையாம். கோவிந்தப்பனை மூன்று நாள் வைத்திருந்தார்கள், சாந்தம்மா வீட்டுக்காரர் ஜாமீன் கொடுத்தார். புரோக்கர் வெங்கடப்பன் ஆளைக் காணோம். வழக்கு இன்னும் நடக்கிறது, மாசாமாசம் அந்தப் பக்கத்துக் கோர்ட்டில் போய் நிற்கிறார்.

செத்தவளாக எழுத அரை நாள் ஆனது. உயிரோடு எழுத நாலு மாசம் ஆனது. எத்தனை ஆபீஸ், எத்தனை மேஜை. போன இடத்திலெல்லாம் அவளை நிற்க வைத்து மேலும் கீழும் பார்ப்பார்களாம். பார்த்துவிட்டு, சரி, உயிரோடு இருக்கிறதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்களாம். விமல்ராஜ் சொன்ன சொல்லைக் காப்பாற்றி இடத்தை நிறுத்தி வைத்திருந்தார். ஒரு புதன்கிழமை அவர் மேஜையில் அனிதாவின் விரலுக்குப் பச்சை எரிந்தது. எனக்குப் போன் போட்டு, எரிஞ்சிருச்சுக்கா என்று மட்டும் சொன்னாள்.

அதற்கடுத்த வாரம் ஃபேக்டரியிலிருந்து வேலையில் சேருகிற படிவம் வந்தது. எட்டுப் பக்கம். கடையில் உட்கார்ந்து நிரப்பினாள். கோவிந்தப்பனும் வந்திருந்தார், மூன்று டீ வாங்கி, எங்களுக்கு இரண்டை வைத்துவிட்டுத் தன்னுடையதோடு ஓரமாக நின்றார். வீட்டில் அவரோடு அவள் இன்னும் பேசுவதில்லை என்று நாகம்மா சொல்லியிருந்தாள். தட்டில் சோறு போடுவாள், பேச மாட்டாள். பெயர், படிப்பு, ரத்த வகை என்று மளமளவென்று எழுதிக்கொண்டு வந்தவளின் பேனா ஆறாவது பக்கத்தில் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். தந்தை பெயர் என்று ஒரு கோடு. அதற்குப் பக்கத்தில் இரண்டு கட்டம். உயிருடன் இருக்கிறார். காலமானார்.

ஏதாவது பேச்சுக் கொடுத்து அவளைத் திசை திருப்பலாமா என்று பார்த்தேன். கோவிந்தப்பனுக்கும் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். டீயைக் குடிக்காமல் அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டு நின்றதில் அவர் படித்துவிட்டார் என்று தெரிந்தது.

அனிதா முதல் கட்டத்தில் டிக் போட்டாள். போட்டுவிட்டு, நாலு மாசத்துக்கப்புறம் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"இங்கயும் ரெண்டு கட்டந்தாம்ப்பா இருக்குது. பேனாவை அந்தப் பக்கம் கொண்டுபோவ எனக்குக் கை வரல. உனக்கு எப்பிடிப்பா வந்துச்சு?"

கோவிந்தப்பன் டீயை மேஜை மேல் வைக்கப் போனார், மேஜை அவருக்கு எட்டவில்லை. கடை வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதார். அவள் எழுந்து போய்த் தேற்றவில்லை. ஏழாவது பக்கத்தைத் திருப்பினாள். நான் படிவத்துக்கு இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன்.